மறதியைச் சொல்வது மரியாதைக் குறைவா?

சங்கரன்கோவிலில் நாங்கள் தொழும் பள்ளியில் ஒரு நாள் அஸர் ஜமாஅத் முடிந்து, துஆவும் ஓதி, ஆட்கள் எழுந்து செருப்பு மாட்டிக் கொண்டிருந்த நேரம். முன் ஸஃப்பில் பல்லாண்டுகளாக இடம் மாறாமல் நின்று தொழுதுவரும் ஒரு பெரியவர், பக்கத்திலிருந்த வாலிபரிடம், "என்ன தம்பி, இன்னும் இகாமத் சொல்லக் காணோம்?" என்று கேட்டார். வாலிபர் சிரித்துவிட்டார். பெரியவரும் சேர்ந்து சிரித்துச் சமாளித்தார். தூணருகே நின்றிருந்த அவருடைய மகனுக்கு மட்டும் கோபம் வந்தது. "நாலு பேர் முன்னால என்னத்தா இது?" என்று கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தான்.

அந்த மகன் நான்தான்.

பெற்றோரில் ஒருவரோ இருவருமோ நம்மிடத்தில் முதுமையை அடைந்தால் அவர்களிடம் 'சீ' என்றுகூடச் சொல்லலாகாது என்று திருமறையின் 17-ஆவது அத்தியாயம் விலக்குகிறது. இதை எத்தனையோ பயான்களில் கேட்டவன் நான். ஆகவே அன்று நான் பேசியது தவறு என்று அன்றே தெரிந்துவிட்டது. வெட்கத்தால் அதன் பிறகு வாயை மூடிக்கொண்டேன். அத்தா ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டால் நான்கு முறையும் பதில் சொன்னேன். பேரேட்டில் கூட்டல் தப்பியிருந்தால் இரவில் அவர் தூங்கிய பின் திருத்தி எழுதினேன். வீட்டில் யாரேனும் பேச்செடுத்தால், "பெரியவங்களைப் பத்தி அப்படிச் சொல்லக் கூடாது" என்று அடக்கினேன். இதற்கு மரியாதை என்று நானே பெயர் சூட்டிக்கொண்டேன். அது உண்மையில் மரியாதைதானா என்பதே ஈண்டு நாம் ஓர்ந்து பார்க்க எடுத்துக்கொண்ட விஷயம்.

அத்தாவுக்குச் சேலை வியாபாரம். விசைத்தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடை நூலும் கொடுத்து, கூலிக்கு நெய்து வாங்கி விற்பார். எந்தத் தறியில் எத்தனை பாவு ஓடுகிறது, யாருக்கு என்ன கூலி பாக்கி என்பது சிட்டையைப் பார்க்காமலே அவர் நாவில் நிற்கும். முதலில் தடுமாறியது அந்த இடத்தில்தான். ஒரே கூலியை ஒரே வாரத்தில் இரண்டு முறை கொடுத்தார். வாங்கியவர் நல்ல மனிதர், திருப்பிக் கொண்டுவந்தார். கொண்டுவராதவர்கள் எத்தனை பேர் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். அப்புறம் சொற்கள் நழுவின. 'தார்', 'நாடா' என்று தினமும் புழங்கிய சொற்களுக்கு "அந்த இது, அந்த ஓடுமே அது" என்று கையால் காட்டத் தொடங்கினார். நாற்பது வருஷம் நடந்த தெருவில் திரும்ப வேண்டிய முடுக்கைத் தாண்டிப் போய் நின்றார். கடைசியாக, கலகலப்பாக இருந்த மனிதர் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். "கூட்டம் பிடிக்கல" என்றார். கூட்டத்தில் யார் யாரென்று தெரியாமல் போனதை மறைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்பது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

வயதானால் மறதி வரும், அது எல்லோருக்கும் உள்ளதுதான். நிக்காஹ்வுக்குப் போய் வந்து, பார்த்த ஒருவரின் பெயர் வாயில் வரவில்லை என்றால் அது வயது. யாராவது எடுத்துக்கொடுத்தால் "ஆமாம், அவரேதான்" என்று நினைவு திரும்பிவிடும். அந்த நிக்காஹ்வுக்கே தாம் போகவில்லை என்று சாதித்தால், எடுத்துச் சொல்லியும் சிறிதும் நினைவு வராவிட்டால், அது வேறு. மூளையில் புதிய செய்திகளைப் பதிய வைக்கும் பகுதியைத்தான் இந்நோயின் மிகுதியான வகை முதலில் தாக்குகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்தவர், சிறு வயதில் மனனம் செய்த யாஸீனை ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதுகிறார். அதைக் கேட்டுவிட்டு நாம், "இவ்வளவு நினைவு வைத்திருப்பவருக்கு நோயாவது?" என்று ஏமாந்து போகிறோம். நானும் ஏமாந்தேன்.

என் மௌனத்தின் விலையை நான் கொடுக்கவில்லை. என் மனைவி கொடுத்தாள்.

ஒரு நாள் அத்தா, தாம் பத்திரமாக வைத்திருந்த 12,000 ரூபாயைக் காணவில்லை என்றார். மறுநாள், மருமகள் அந்த அறையில் பெருக்கினாள் என்றார். அதற்கு மறுநாள், எடுத்தது அவள்தான் என்று உறவினர் இருவர் முன்னிலையில் சொல்லிவிட்டார். அத்தா வாழ்நாளில் பொய் பேசி யாரும் கேட்டதில்லை. ஆகவே அவர் சொல்லை மறுக்க யாருக்கும் துணிவில்லை. நானும் "ஒருவேளை..." என்று ஒரு கணம் நினைத்தேன். என் முகத்தில் அந்த ஒரு கணத்தை அவள் பார்த்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து, பழைய சேலை அட்டைப் பெட்டி ஒன்றைக் கழிக்கும்போது, மடித்த முஸல்லாவுக்குள்ளிருந்து அந்தப் பணம் விழுந்தது. பொருளை ஒளித்து வைப்பதும், வைத்தது மறந்துபோவதும், நெருங்கியவர் மேல் திருட்டுப் பழி சுமத்துவதும் இந்நோயில் அடிக்கடி காணப்படுபவை என்று பின்னர் மருத்துவர் சொன்னார். எத்தனை வீடுகளில் எத்தனை மருமகள்களும் வேலைக்காரப் பெண்களும் இந்தப் பழியைச் சுமந்திருப்பார்களோ!

இங்கே ஒரு கேள்வி. இந்தப் பழிக்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர் யார்? தூங்குபவர் விழிக்கும் வரை, குழந்தை பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்ற கருத்துடைய ஹதீஸை நாம் அறிவோம். அபூதாவூதில் வரும் ஓர் அறிவிப்பில், முதுமையால் அறிவு குலைந்தவர் என்ற சொல்லும் கூடுதலாக இடம் பெற்றிருக்கிறது. ஆகவே அத்தாவின் ஏட்டில் அது எழுதப்பட்டிராது என்று நாம் ஆதரவு வைக்கலாம். ஆனால் கேட்டு நம்பிய எங்கள் விஷயத்தில் எழுதுகோல் உயர்த்தப்படவில்லையே! எங்களுக்குப் புத்தி இருந்தது, கண் இருந்தது, ஒன்றரை ஆண்டாக அடையாளங்கள் இருந்தன. பெரியவரைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் போட்ட பூட்டு, ஒரு குற்றமற்ற பெண்ணின் மானத்தின் மேல் போய் விழுந்தது. அடியார்களின் ஹக் என்பது அவர்கள் மன்னித்தாலன்றித் தீராது. அத்தாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்வதில் பொருளில்லை, அவருக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நானாயிருந்தேன். கேட்டேன்.

சரி, பெரியோர்களின் அறிவுத் தளர்ச்சியைச் சொல்வது அவர்களின் கண்ணியத்தைக் குறைக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் உண்டா? நம் முன்னோர்களைப் பார்ப்போம். ஹதீஸ் கலை இமாம்கள் அறிவிப்பாளர்களின் வாழ்வை ஆராய்ந்தபோது, முதுமையில் நினைவு குழம்பியவர்களைத் தனியே குறித்து வைத்தார்கள். அதற்கு 'இக்திலாத்' என்று பெயர். ஸயீத் இப்னு அபீ அரூபா, அதாவு இப்னு ஸாயிப் போன்ற பெரும் பெயர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. ஹலபு நகரத்து ஸிப்து இப்னுல் அஜமி (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 841-இல் வஃபாத்தானவர்கள், இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். குழம்புவதற்கு முன் கேட்டவரின் அறிவிப்பு ஏற்கப்படும், பின் கேட்டவருடையது ஏற்கப்படாது. எவ்வளவு நுட்பமான நீதி! பிற்காலத் தளர்ச்சி முற்கால உழைப்பை அழிக்கவில்லை. அதே நேரம், முற்காலப் பெருமையைக் காட்டிப் பிற்காலத் தவற்றை மார்க்கமாக்கவும் விடவில்லை.

அந்தப் பட்டியலில் என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் பஸராவின் ஜரீர் இப்னு ஹாஸிம் (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 170-இல் மறைந்தவர்கள். அவர்களின் அறிவிப்புகள் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கின்றன. கடைசிக் காலத்தில் அவர்களுக்கு நினைவு குழம்பியது. அவர்களின் பிள்ளைகளும் ஹதீஸ் படித்தவர்கள். தந்தையிடம் மாற்றத்தை உணர்ந்ததும், மாணவர்கள் வந்து ஹதீஸ் கேட்பதைத் தடுத்துவிட்டார்கள். ஆகவே அவர்கள் குழம்பிய நிலையில் சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை என்று இமாம் அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தீ (ரஹ்) கூறியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் தந்தையை அவமதித்தார்களா? அன்றிரவு நான் பேரேட்டைத் திருத்தியதும் மறைத்தல்தான், அவர்கள் செய்ததும் மறைத்தல்தான். நான் நோயை மறைத்தேன், அவரைச் சபையில் விட்டேன். அவர்கள் நோயை ஒப்புக்கொண்டார்கள், அவரைப் பாதுகாத்தார்கள்.

சொல்ல வேண்டும் என்றாகிவிட்டால் எப்படிச் சொல்வது? இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகிய முன்மாதிரி, துல்யதைன் (ரலி) என்று அழைக்கப்பட்ட நபித்தோழருடையது. நான்கு ரக்அத் தொழுகையொன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் அங்கேதான் இருந்தார்கள். பேச அஞ்சினார்கள். துல்யதைன் (ரலி) அவர்கள்தான் எழுந்து, தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா அல்லது தாங்கள் மறந்தீர்களா என்று கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பிறரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு, எஞ்சியதைத் தொழுது, மறதிக்கான ஸஜ்தாவும் செய்தார்கள். நாயகத்தின் மறதி உம்மத்துக்குச் சட்டம் கற்பிக்க அல்லாஹ் நாடியது. அதை நோயின் மறதியோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று, அல்லாஹ் காப்பானாக. சொன்னவரின் பாங்கைத்தான் பார்க்கச் சொல்கிறேன். மிக நெருக்கமானவர்களின் வாயையே மரியாதை அடைத்துவிடும் என்பதும் இதில் தெரிகிறது. "நீங்கள் மறந்துவிட்டீர்கள்" என்று அவர் சொல்லவில்லை. கேள்வியாகக் கேட்டார். மறதியல்லாத வேறொரு காரணமும் இருக்கலாம் என்று வழி திறந்து வைத்துக் கேட்டார்.

அந்த "வேறொரு காரணம்" மருத்துவத்திலும் உண்மை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி-12 சத்து குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும், காது மந்தமானாலும், சில மாத்திரைகளாலும், தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டினாலும் நினைவு தடுமாறும். இவற்றுள் பல சிகிச்சையால் சீராகக்கூடியவை. இரண்டே நாளில் ஒருவர் திடீரென்று பிதற்றத் தொடங்கினால் காய்ச்சலோ நீர்த்தாரைக் கிருமியோ காரணமாயிருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று உட்கார்ந்திருப்பவர், தீரக்கூடிய நோயைத் தீராததாக்கிவிடும் பாவத்துக்கு அஞ்ச வேண்டும். தீராத வகைகளும் உண்டு. 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் விவரித்து, பின்னர் அவர் பெயராலேயே வழங்கும் நோய் அவற்றில் முதன்மையானது. இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் மூளையின் நுண்குழாய்களை அடைப்பதால் வருவது மற்றொன்று. இவற்றை முழுதும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் கொதிப்பையும் சர்க்கரையையும் அடக்கி வைப்பது பலன் தரும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவற்றுக்கான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன.

நாங்கள் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் மூன்று சொற்களைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். என்ன மாதம் என்று கேட்டார். அத்தா இங்கிலீஷ் மாதத்தைத் தப்பாகச் சொன்னார். பிறகு, தாமாகவே, "ரபீவுல் அவ்வல்" என்றார். அது சரியாக இருந்தது! டாக்டருக்கு அது விளங்கவில்லை, நான் எடுத்துச் சொன்னதும் குறித்துக்கொண்டார். கேட்கப்படுபவரின் வாழ்க்கைக்குப் பொருந்தாத கேள்வியால் அவரை அளக்க முடியாது. உலக ஆராய்ச்சியாளர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 1998-இல் தொடங்கிய '10/66' என்ற குழு, பள்ளிக்கூடம் போகாதவர்களையும் நியாயமாகச் சோதிக்கும் முறையை உருவாக்கியது. இந்நோயாளிகளில் 100-க்கு 66 பேர் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடக்கவில்லை என்ற ஆதங்கமே அந்தப் பெயர். சென்னையும் வேலூரும் அதில் பங்கெடுத்தன. 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வொன்று, 60 வயது கடந்தவர்களில் 100-க்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நம் ஒவ்வொரு ஜமாஅத்திலும் சிலர் இருப்பார்கள் என்பதே இதன் பொருள். ஆனால் எந்த ஜமாஅத்திலும் பேச்சில்லை.

"டாக்டரிடம் தந்தையின் குறைகளைச் சொல்வது புறம் பேசுவதாகாதா?" என்று என் சிற்றப்பா கேட்டார். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், புறம் கூறுதல் அனுமதிக்கப்படும் இடங்களை ஆறாக வகுத்திருக்கிறார்கள். உதவி தேடுவதும், பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். எனவே மருத்துவரிடம் சொல்லலாம், கொடுக்கல் வாங்கல் உள்ளவரிடம் வேண்டிய அளவு சொல்லலாம். டீக்கடையில் சொல்லிச் சிரிப்பதற்கு இதில் இடமில்லை. "குர்ஆன் ஓதுகிறவருக்குப் புத்தி மாறாது என்பார்களே, அப்படியானால்..." என்று இன்னொருவர் இழுத்தார். அப்படி ஒரு கூற்று முன்னோர்களிடமிருந்து வந்திருப்பது உண்மையே. ஓதுவதற்கு ஆர்வமூட்டச் சொன்னதை, நோயுற்ற ஒருவரின் ஈமானை அளக்கும் படிக்கல்லாக்குவது பெரும் அநியாயம். முதுமையின் மிகத் தாழ்ந்த நிலைக்குத் தள்ளப்படுவதை விட்டும் நபி (ஸல்) அவர்களே பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். அந்த துஆவை ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள், ஆசிரியர் எழுத்துக் கற்பிப்பதுபோல் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள் என்று புகாரியில் வருகிறது. கெட்டவர்களுக்கு மட்டும் வருவதாயிருந்தால் அந்தப் பாதுகாவல் எதற்கு?

அறிகுறிகளை ஆரம்பத்திலேயே அறிந்துகொள்வதில் இன்னொரு பெரும் நன்மை, தெளிவு மிச்சமிருக்கும்போதே அவருடைய வாயாலேயே செய்ய வேண்டியவற்றைச் செய்துவிடலாம் என்பது. கடன், அமானிதம், வஸிய்யத் ஆகியவை. பகராவின் 282-ஆவது வசனம் கடனை எழுதச் சொல்லும்போதே, சொல்லி எழுதவைக்க இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்லட்டும் என்று வழிகாட்டிவிட்டது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் தெளிந்த சித்தமில்லாதவரின் ஒப்பந்தத்தை ஏற்பதில்லை. தந்தையின் தடுமாற்றத்தை ஊருக்கு மறைத்துக்கொண்டே அவருடைய கைநாட்டைப் பத்திரத்தில் வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே "மரியாதை"தான் திரை. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ரீகன், தமக்கு இந்நோய் வந்திருப்பதை 1994 நவம்பர் 5-இல் தம் கைப்படக் கடிதம் எழுதி நாட்டுக்கே அறிவித்தார். நோயாளிக்குத் தம் விஷயத்தைத் தாமே சொல்லும் உரிமை உண்டு. நாம் தாமதித்தால் பறிபோவது அந்த உரிமையும்தான்.

அத்தாவிடம் நான் கேள்வியாகத்தான் கேட்டேன். "அத்தா, கணக்கு ரொம்ப கூடிப்போச்சா, இல்ல உங்களுக்கு முன்ன மாதிரி ஞாபகம் நிக்கலையா?" வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கே பயமா இருக்குப்பா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். ஒன்றரை வருஷமாக அவரும் அறிந்திருக்கிறார்! ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு இருவரும் தனித்தனியே பயந்திருக்கிறோம். அன்றிரவே நோட்டை எடுத்து வரச்சொல்லி, ஒரு விதவைப் பெண் தம்மிடம் கொடுத்து வைத்திருந்த நகையைப் பற்றிச் சொன்னார். எங்களில் யாருக்கும் தெரியாத அமானிதம் அது. வாரம் முடிவதற்குள் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.

தொழுகை பற்றி ஆலிம்களிடம் கேட்டோம். ஹனஃபி சட்ட நூலான துர்ருல் முக்தாரில், ரக்அத்தின் எண்ணிக்கையை நிலைநிறுத்த முடியாத நோயாளி, பிறர் எடுத்துச் சொல்லச் சொல்லத் தொழுதால் அது நிறைவேறிவிடும் என்று கருத்துச் சொல்லப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். பைத்தியத்துக்கும் தெளிவுக்கும் இடைப்பட்ட நிலைக்கு 'மஃதூஹ்' என்று தனிப் பெயரிட்டு அந்நாளைய ஃபுகஹாக்கள் விதிகள் வகுத்திருப்பதையும் அன்றுதான் அறிந்தேன். அறிவு முற்றிலும் நீங்கிவிட்டால் தொழுகையும் நோன்பும் கடமையில்லை. ஆனால் அவர் சொத்தில் ஸகாத் உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே வேறுபாடு இருக்கிறது. ஹனஃபியில் இல்லை. ஷாஃபிஈயில் பொறுப்பாளர் கொடுக்க வேண்டும். அவரவர் தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.

இப்போது அத்தா வீட்டில்தான் தொழுகிறார். என் மகன் பக்கத்தில் நின்று தக்பீரை உரக்கச் சொல்ல, அவர் பின்தொடர்கிறார். ஜும்ஆவுக்கு மட்டும் இருவரும் இரு பக்கமும் பிடித்து அழைத்துப் போகிறோம். பள்ளியில் நண்பர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டோம். அன்று சிரித்த வாலிபர் இப்போது அத்தாவின் செருப்பை எடுத்து வைக்கிறார். இஷா தொழுது ஸலாம் கொடுத்து அரைமணி நேரத்தில், "வக்து வந்துட்டுதா? ஒளுச் செய்யத் தண்ணி கொண்டா" என்பார். தொழுதாயிற்று என்று சொல்ல நான் வாயெடுப்பேன். என் மனைவி அதற்குள் செம்பில் தண்ணீரும் துண்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். "நபிலா இருந்துட்டுப் போகட்டும்" என்பாள்.